அத்திரி ஏறியவன்

காரைக்குடியில் குதிரை வண்டிகள் ஓடிய கடைசி வருடங்களைப் பார்த்தவன் நான். 1970களின் முடிவு. ரயிலடியில் ஏழெட்டு ஜட்கா நிற்கும். வண்டிக்கு அடியில் தொங்கும் சாக்கில் புல், பக்கத்தில் ஒரு தகர வாளி. சேலம் மிட்டாயும் பிஸ்கட் டின்களுமாக வந்து இறங்கும் ஆச்சிமார்கள் ரிக்‌ஷாவை ஒதுக்கிவிட்டு ஜட்காவில்தான் ஏறுவார்கள். சாமான் நிறையக் கொள்ளும், மழைக்கும் ஒதுங்கலாம்.

அந்த வரிசையில் கடைசியாக நின்ற வண்டி ராவுத்தர் தாத்தாவுடையது. ஒரு கோடையில் அவருடைய குதிரை வயிற்றுவலி கண்டு செத்துப்போனது. இன்னொரு குதிரை வாங்கக் காசில்லை. போடி மலைப்பக்கம் ஏலக்காயும் காப்பிக்கொட்டையும் சுமக்கிற ஒரு கோவேறு கழுதையை யாரோ தரகர் சொல்லி, குதிரை விலையில் பாதிக்கும் குறைவாக வாங்கி வந்துவிட்டார். சாம்பலும் காவியும் கலந்த நிறம். குதிரை உயரத்துக்கு வந்துவிட்டது. காது மட்டும் காட்டிக்கொடுத்தது.

ரயிலடியே சிரித்தது. "ராவுத்தரே, துணி மூட்டை எங்கே?" என்றார்கள். கழுதை வண்டியில் ஏற மாட்டேன் என்று ஒரு வக்கீல் குமாஸ்தா இறங்கிப் போனதை நானே பார்த்தேன். ராவுத்தர் கோபப்படவில்லை. "எங்க நபிகள் நாயகமே துல்துல் மேல ஏறிப் போனவங்க. ஒங்க குமாஸ்தாவுக்கு ஆகாதாக்கும்" என்றார்.

துல்துல் என்பது நபிகளுக்கு எகிப்திலிருந்து அன்பளிப்பாக வந்த கோவேறு கழுதையின் பெயர் என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்த மிருகத்துக்குத் தமிழிலேயே ஒரு பழைய, மரியாதையான பெயர் உண்டு என்பது ராவுத்தருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் பின்னால் நடந்த ஒரு விஷயம் நடந்திருக்காது என்று நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

*

அந்தப் பெயர் அத்திரி.

சங்கப் பாடல்களில் அத்திரி வருவது நெய்தல் நிலத்தில். நற்றிணை 278ஆம் பாட்டில் உலோச்சனார் ஒரு காட்சி காட்டுகிறார். தலைவன் உப்பங்கழி வழியாக வந்திருக்கிறான். அவன் ஏறி வந்த அத்திரியின் காலெல்லாம் சேறு. குளம்பில் சிவந்த இறால்கள் மிதிபட்டுச் சிக்கிக் கிடக்கின்றன. அகநானூறு 120ஆம் பாட்டில் நக்கீரர் காட்டும் அத்திரி இன்னும் பாவம். கழியில் சுறா தாக்கிக் காலில் புண், நடை தளர்ந்துவிட்டது. இந்த நிலையில் எப்படித் திரும்பிப் போவாய், இன்றிரவு இங்கே தங்கிவிட்டுப் போனால் என்ன என்று தோழி தலைவனைக் கேட்கிறாள். அடிபட்ட வாகனத்தைச் சாக்காக வைத்து ஆளை நிறுத்தப் பார்க்கிறாள்.

இரண்டு இடத்திலும் ஏறி வருகிறவன் வசதியுள்ளவன். பரத்தியர் குடியிருப்புக்குத் தேரில் வருகிற தலைவர்கள் எந்தத் தரமோ அதே தரம். யாரும் சிரிக்கவில்லை. கழிக்கு ஏன் குதிரையை விட்டு அத்திரி என்பதற்கும் காரணம் உண்டு. கோவேறு கழுதையின் குளம்பு குதிரையின் குளம்பைவிட ஒடுங்கியது, செங்குத்தானது, கெட்டியானது. சேற்றிலும் பாறையிலும் காலை எங்கே வைப்பது என்று பார்த்து வைக்கும். குதிரை முன்னங்காலைப் பார்த்து வைத்துவிட்டுப் பின்னங்காலை அதன் பாட்டுக்கு விட்டுவிடும் என்பார்கள். இது நான்கு காலுக்கும் கணக்கு வைத்திருக்கும்.

மூன்றாவது இடம்தான் எனக்கு முக்கியமானது. சிலப்பதிகாரம், கடலாடு காதை. இந்திரவிழா முடிந்துவிட்டது. மாதவிக்குக் கடல் விளையாட்டுப் பார்க்க ஆசை. விடியலில் இருவரும் கிளம்புகிறார்கள். அவள் வையம் என்கிற வண்டியில் ஏறுகிறாள். கோவலன் அத்திரியில் ஏறுகிறான். மழையைப் போல வாரி வழங்கும் கை உள்ளவன் என்று அந்த இடத்தில் இளங்கோ அவனுக்கு ஒரு அடைமொழியும் தருகிறார். கையில் காசு புரண்டவன், புகாரின் பெரிய இடத்துப் பிள்ளை, ஊரே பார்க்கும் நாளில், ஊரே மெச்சும் பெண்ணோடு கடற்கரைக்குப் போகத் தேர்ந்தெடுத்த வாகனம் அது. உரைகாரர்கள் அத்திரிக்குக் கோவேறு கழுதை என்றே பொருள் சொல்கிறார்கள்.

கோவலனின் அப்பா மாசாத்துவான். சாத்து என்றால் வணிகக் கூட்டம், பொதிமாடும் கழுதையும் வண்டியுமாகத் தரைவழியில் போகிற கூட்டம். கண்ணகியின் அப்பா மாநாய்கன், கடல் வணிகர். ஒருவர் தரை, ஒருவர் கடல். சாத்துத் தலைவன் வீட்டில் நல்ல அத்திரி இருந்ததில் ஆச்சரியம் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்து வரும் கழுதைச் சாத்து வருகிறது. நிமிர்ந்த காதும், பலாப்பழம் போல இருபுறமும் சமன் செய்து தொங்கும் பொதியுமாக, காவல் உள்ள பெருவழியில், சுங்கம் கட்டி. தமிழ் வணிகத்தின் முதுகெலும்பு என்று கப்பலைச் சொல்கிறோம். கப்பல் வரைக்கும் சரக்கைக் கொண்டுபோன முதுகு கழுதையுடையது.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதைப் படிப்பதில் ஒரு கூடுதல் ருசி உண்டு. நகரத்தார் தங்கள் பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம் என்றுதான் சொல்கிறார்கள். அங்கிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்து, இளையாற்றங்குடி தொடங்கி ஒன்பது கோயில்களாகப் பிரிந்ததாக அவர்களுடைய மரபு. கண்ணகியும் கோவலனும் அவர்களுக்குத் தூரத்து உறவு மாதிரி. எங்கள் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. அந்த வீட்டு முகப்பில் உட்கார்ந்து பெரியவர்கள் கோவலனைப் பற்றிப் பேசும்போது, சொத்தை அழித்த பக்கத்து வீட்டுப் பையனைப் பேசுவது போலத்தான் இருக்கும்.

*

கோவேறு கழுதை என்ற பெயரையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். கோ ஏறு கழுதை. அரசன் ஏறுகிற கழுதை. பெயரிலேயே சவாரி இருக்கிறது.

இது நமக்கு மட்டும் உரிய எண்ணம் இல்லை. பைபிளில் தாவீது ராஜா, தனக்குப் பின் சாலொமோன்தான் என்று ஊருக்குக் காட்ட, தன்னுடைய கோவேறு கழுதையின் மேல் அவனை ஏற்றி அனுப்பச் சொல்கிறார். தமிழ் பைபிளும் இதே சொல்லைத்தான் போடுகிறது. சாந்தோக்கிய உபநிடதத்தில் ஜானச்ருதி என்ற அரசன், ரைக்வரிடம் ஞானம் கேட்டுப் போகும்போது பசுக்களோடும் ஆரத்தோடும் கோவேறு கழுதை பூட்டிய ரதம் ஒன்றையும் காணிக்கையாகக் கொண்டுபோகிறான். வண்டிக்கடியில் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்த ரைக்வர் அதை முதலில் திருப்பி அனுப்பிவிடுகிறார் என்பது வேறு கதை. அரசன் கொடுக்கத் தகுந்த பொருள் அது என்பதுதான் இங்கே கணக்கு.

அரிதாக இருந்ததால் மதிப்பு. ஆண் கழுதையும் பெண் குதிரையும் சேர்ந்து பிறப்பது கோவேறு கழுதை. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, இதற்கு 63. ஒற்றைப்படை என்பதால் அநேகமாக இனப்பெருக்கம் கிடையாது. ஒவ்வொன்றையும் புதிதாகத்தான் உண்டாக்க வேண்டும். ஒரு நல்ல பெண் குதிரையைக் குதிரைக்குட்டி போடவிடாமல் ஒதுக்கிவைக்க வசதி உள்ளவனால்தான் முடியும்.

கழுதைக்கு மட்டும் அன்றைக்கும் மரியாதை இல்லை. தோற்ற அரசனின் மண்ணைக் கழுதை பூட்டி உழுவது சங்ககால அவமானம். முதுகுடுமிப் பெருவழுதி அப்படிச் செய்ததைப் புறநானூறு 15ஆம் பாட்டு சொல்கிறது. அதனால் கழுதை வேறு, அத்திரி வேறு என்று மொழியே பிரித்து வைத்திருந்தது. பிறகு எப்போதோ அத்திரி என்ற சொல் பேச்சிலிருந்து போய்விட்டது. மிஞ்சியது கழுதை என்கிற வசவு. 1994இல் வந்த இமையத்தின் முதல் நாவலுக்குக் கோவேறு கழுதைகள் என்று பெயர். ஊருக்கெல்லாம் துணி வெளுத்து, தீட்டுச் சுமந்து, படி தானியத்துக்குக் கையேந்தும் ஒரு வண்ணார் குடும்பத்தின் கதை. அரசன் ஏறிய மிருகத்தின் பெயர், ஊரே ஏறி உட்கார்ந்த மனிதர்களின் பெயராக அதில் நிற்கிறது. இந்தச் சொல்லின் வீழ்ச்சியை அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

*

இனி ராவுத்தருக்கு வருகிறேன்.

ராவுத்தர் என்றால் குதிரை வீரர் என்று பொருள். தமிழ் முஸ்லிம்களில் குதிரை வணிகத்தோடும் குதிரைப் படையோடும் சேர்ந்து வந்த பெயர். அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே ராவுத்தன் என்று கூப்பிடுகிறார். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2000க்கு மேல் குதிரை வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் 100 கூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்று எழுதிவைத்தார். சோறும் சமைத்த கறியும் போட்டுக் கெடுக்கிறார்கள், லாடம் அடிக்கத் தெரிந்தவர் இல்லை, அப்படிப்பட்டவர்கள் வந்துவிடாமல் குதிரை வணிகர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அவர் புகார். அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் விலையே தருகிறார். கிஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1400 குதிரை, ஒன்றுக்கு 220 தங்க தினார். வழியில் கடலில் செத்தாலும் பணம் உண்டு.

அந்தப் பணத்தின் நிழல்தான் மாணிக்கவாசகர் கதை. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையில் கோயிலாகக் கட்டிவிட்டார் வாதவூரர். சிவபெருமானே குதிரை வணிகனாக வந்து, நரிகளைப் பரிகளாக்கி மதுரையில் ஒப்படைக்கிறார். ராத்திரி அவை மறுபடி நரியாகி, லாயத்தில் இருந்த அசல் குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிவிடுகின்றன. திருப்பெருந்துறை என்பது இன்றைய ஆவுடையார்கோயில். காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி வழியாகப் பேருந்தில் போய்விடலாம். குதிரை மேல் வரும் இறைவனை அங்கே கல்லிலேயே பார்க்கலாம்.

அந்தக் கதையில் நம் கண்ணில் படாமல் போகிற ஒரு கட்டம் உண்டு. பரஞ்சோதியாரின் திருவிளையாடற் புராணத்தில், குதிரைகளை ஒப்படைக்கும் முன் அவற்றின் நடைகளை இறைவன் பாண்டியன் முன்னால் நடத்திக் காட்டுகிறார். வாங்குகிறவன் நடையைப் பார்த்துத்தான் வாங்குவான். ஐங்கதி, பதினெட்டுச் சாரி என்று தமிழ் நூல்கள் எண்ணிக்கை வைத்திருக்கின்றன. கதி என்பது நடை, சாரி என்பது வட்டமாகவும் குறுக்காகவும் சுற்றிவரும் வகை. பட்டியல் நூலுக்கு நூல் மாறும். ஒன்றில் விக்கிதம், வற்கிதம், உபகண்டம், சவம், மாசவம். இன்னொன்றில் மயூர கதி, வானர கதி, இடப கதி என்று மயிலும் குரங்கும் எருதும் வருகின்றன. வடமொழியில் நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் வண்ணப் படங்களோடு அச்சிட்டது. ஆக, குதிரையை ஓட்டுவது வேறு, நடக்கவைப்பது வேறு என்ற அறிவு நமக்குப் பழையது.

ஐரோப்பியர்கள் இதை டிரெஸ்ஸாஜ் என்கிறார்கள். பழக்குதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கர் செனபோன் எழுதிய குதிரையேற்ற நூல்தான் அதற்கு மூலம் என்பார்கள். அடித்து ஆடவைத்த ஆட்டம் ஆட்டமாகாது என்பது அவர் கட்சி. 16ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வியன்னாவின் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளி இன்றைக்கும் வெள்ளைக் குதிரைகளை வைத்து அதைச் செய்துகாட்டுகிறது. 1912 முதல் ஒலிம்பிக்கில் உண்டு. அதில் மிகக் கடினமான அடிகளில் ஒன்று பியாஃப். குதிரை முன்னே போகாமல் நின்ற இடத்திலேயே, மூலைக்கு மூலை இரண்டிரண்டு காலாகத் தூக்கித் தாளத்தில் வைக்க வேண்டும்.

இதை முதன்முதலில் காணொளியில் பார்த்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சந்தனக்கூட்டிலும் கல்யாண ஊர்வலத்திலும் கொட்டுக்கு ஆடும் நடனக் குதிரை செய்வது இதுதானே! அதைத்தான் ராவுத்தர் தன் கோவேறு கழுதைக்குச் சொல்லிக்கொடுத்தார். டின் தட்டியவன் நான்.

*

வண்டி வருமானம் போதவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை கொண்டுபோனால் ஒரு ராத்திரியில் ஒரு மாதக் காசு. இளவயதில் நடனக் குதிரை பழக்கியவர் ராவுத்தர். இதையும் பழக்கிவிடலாம் என்று இறங்கினார்.

முதல் தடை எங்கள் தெருமுனை மதகு. மழையில் அரித்துப் புதிதாகக் கல் பாவியிருந்தார்கள். அதன் முன்னால் வந்து நின்றுவிட்டது. பின்னாலிருந்து தள்ளினார்கள். வாலை முறுக்கினார்கள். ஒருவர் காதில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ராவுத்தர் எல்லாரையும் விலக்கிவிட்டு, கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு மதகுக் கட்டையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். ஒரு மணிநேரம் ஆகியிருக்கும். அது தலையைத் தாழ்த்திக் கல்லை முகர்ந்தது. ஒரு காலை வைத்து எடுத்தது. பிறகு மொத்தமாகக் கடந்தது. மறுநாள் பத்து நிமிடம். மூன்றாம் நாள் நிற்கவே இல்லை.

"குதிர பயந்தா ஓடும், அப்பு. இது பயந்தா நிக்கும். நிக்கிறதப் பாத்துட்டு திமிருங்கிறாங்க. அது யோசிச்சுக்கிட்டு நிக்குது."

இன்றைக்கு விலங்கு நடத்தை பற்றி எழுதுகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். குதிரை புல்வெளி மிருகம், ஆபத்தென்றால் கூட்டத்தோடு ஓடித் தப்பும். கழுதையின் மூதாதை பாலைவனப் பாறைக் காட்டில் வாழ்ந்தது. அங்கே கண்மூடி ஓடினால் கால் போய்விடும். நின்று பார்ப்பதுதான் தப்பிக்கும் வழி. அந்தப் புத்தி கோவேறு கழுதைக்கும் வந்துவிட்டது. பிடிவாதம் என்று நாம் பெயர் வைத்திருப்பதில் பாதி எச்சரிக்கை, மீதி ஞாபகம்.

ஞாபகம் என்பதை ராவுத்தர் வேறுவிதமாகச் சொன்னார். அவர் வீட்டுச் சுவரில் முள் வைத்த கடிவாளம் ஒன்று தொங்கியது. நடனக் குதிரைப் பழக்கத்தில் இந்தக் கொடுமை உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. வாய் கிழியும் என்ற பயத்தில் குதிரை கழுத்தை வளைத்து அழகாக நிற்கும். "இத எடுக்கலாம்னா எடுக்கலாம். குதிரைய அடிச்சா பணியும். இது அடிச்சா மறக்காது. பத்து வருசம் கழிச்சு ஒரு ஒத்தக்கால்ல பதில் சொல்லும்." அந்தக் கடிவாளத்தை அவர் தொடவே இல்லை. கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு மூக்குக்கு மேலே கட்டினார், அவ்வளவுதான்.

செஞ்சைப் பக்கம் வறண்டு கிடந்த ஒரு ஊரணிக்குள் சாயங்காலம் பாடம் நடக்கும். முதல் மாதம் வட்டம். வலப்பக்கம் நாலு சுற்று, இடப்பக்கம் நாலு சுற்று. கயிறு இழுபட்டால் தப்பு, தொய்ந்தால் சரி. ஒரு அடி சரியாக வைத்த உடனே கையைத் தளர்த்திவிடுவார். "இழுக்கிறது பாடம் இல்ல. விடுறதுதான் பாடம். எப்ப விடுறோம்னு அது பாத்துக்கிட்டே இருக்கும்." இரண்டாம் மாதம் சேணம். அதுவும் சுலபமில்லை. குதிரைக்குப் பிடரி முடியும் இடத்தில் தோள் மேடு உண்டு. சேணம் அங்கே தங்கும். இதற்கு முதுகு பலகை மாதிரி. சேணம் முன்னால் வழுக்கிக் கழுத்துக்கு வந்துவிடும். வாலடியில் ஒரு வார் கொடுத்துப் பின்னால் இழுத்துக் கட்ட வேண்டும். வாலடியில் வார் பட்டால் உதைக்கும். அந்த வாருக்குப் பழக மட்டும் பதினைந்து நாள்.

மூன்றாம் மாதம் தாளம். இரண்டு வேப்பமரத்துக்கு நடுவே, இருபக்கமும் கயிறு தளர்வாகக் கட்டி நிறுத்தினார். நான் எதிரே மண்ணெண்ணெய் டின்னை வைத்துக்கொண்டு தகதிமி தட்டுவேன். அவர் ஒரு வேப்பங்குச்சியால் வலது முன்னங்கால், இடது பின்னங்கால் என்று மாற்றி மாற்றித் தொட்டுக் காட்டுவார். அடியில்லை, தொடல்தான். தூக்கினால் ஒரு வெல்லத் துண்டு. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ராஜாவுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்த ப்ளுவினெல் இப்படித்தான் இரண்டு தூண்களுக்கு நடுவே கட்டிப் பழக்கினார் என்று பிற்காலத்தில் படித்தேன். பாரிஸ் அரண்மனைத் தூணும் செஞ்சை வேப்பமரமும் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன.

தீபாவளி வாக்கில் ஒரு சாயங்காலம், நான் தட்டத் தட்ட, நான்கு காலும் மூலைக்கு மூலை மாறி, நின்ற இடத்திலேயே அடி வைத்தது. டின் நின்றால் அதுவும் நின்றது. ராவுத்தர் ஒன்றும் பேசவில்லை. அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார்.

*

எதற்கு இந்த மிருகத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை என்று ஒருநாள் கேட்டேன். பர்மா என்றார்.

செட்டிநாட்டில் எந்தக் கதையைத் தோண்டினாலும் கொஞ்ச ஆழத்தில் பர்மா வரும். 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய மாவட்டங்களில் நெல்வயல்களில் கால்வாசி செட்டியார் கைக்குப் போயிருந்தது. அடகு மீட்க முடியாமல் வந்த நிலங்கள். செட்டியார்களோடு கணக்குப்பிள்ளையும் சமையல்காரரும் கடைப் பையன்களும் போனார்கள். முஸ்லிம்கள் தனியாகக் கடை வைக்கப் போனார்கள். ராவுத்தர் அங்கே குதிரை வண்டி ஓட்டினார். யுன்னானிலிருந்து மலையிறங்கி வரும் சீன முஸ்லிம் வணிகர்களான பாந்தேக்களின் கோவேறு கழுதைக் கூட்டங்களை அங்கேதான் பார்த்தார். முன்னால் மணி கட்டிய ஒரு பெண் குதிரை போகும். அந்த மணிச் சத்தத்தின் பின்னால் கயிறே இல்லாமல் எல்லாம் வரிசையாக வரும்.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகக் கிளம்பினார்கள். ராவுத்தர் மணிப்பூர்ப் பக்கம் வந்த கூட்டத்தில் ஒருவர். "அந்த மலையில குதிர செத்துச்சு, மாடு செத்துச்சு, மனுசன் பொத்துப் பொத்துனு செத்தான். கோவேறு கழுத மட்டும் நடந்துச்சு. எது சேறு எது பள்ளம்னு பாத்து அது கால் வச்ச எடத்துல நான் கால் வச்சேன். அப்புடித்தான் நான் இங்க நிக்கிறேன்."

அதே மலைக்காட்டுக்குள் இரண்டு வருடம் கழித்துப் போன பிரிட்டிஷ் சிண்டிட் படை, எதிரிக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று தன் கோவேறு கழுதைகளின் குரல் நாணை அறுத்துவிட்டுக் கொண்டுபோனது. கத்த முடியாத மிருகங்கள் சுமை சுமந்தன. நம் ராணுவத்தில் 1962இல் சேர்ந்த பெடோங்கி என்ற கோவேறு கழுதை, 1971 போரில் பாகிஸ்தானியரிடம் பிடிபட்டு, முதுகில் இயந்திரத் துப்பாக்கியோடு தானே எல்லை தாண்டித் திரும்பி வந்தது. டெல்லியில் ராணுவ அதிகாரிகள் கூடும் ஓர் இடத்துக்கு அதன் பெயர் வைத்திருக்கிறார்கள்.

*

தை மாதம் முதல் கல்யாணம் கிடைத்தது. பெரிய இடம். ராவுத்தர் அன்றைக்கு மத்தியானமே குளிப்பாட்டி, வாலில் ஜரிகை பின்னி, முகத்துக்குச் சலங்கை வைத்த பட்டுப் பட்டை கட்டினார். கடைசியாக இரண்டு காதுக்கும் சிவப்பு வெல்வெட்டில் கூம்பாக ஒரு குல்லாய். நுனியில் இறகு. காதெல்லாம் அதற்குள் போய்விட்டது. நல்ல உயரம், நல்ல நடை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கொப்புடையம்மன் கோயில் பக்கம் ஊர்வலம் வந்தபோது நாகஸ்வரக்காரர் நின்று வாசித்தார். தவில் ஏறியது. மாப்பிள்ளையைச் சுமந்தபடி அது நின்ற இடத்தில் ஆடியது. தெரு முழுக்க வாயைப் பிளந்து பார்த்தது. என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "அடா, என்ன குதிரைடா இது! அரபிக் குதிரையா?" என்றார்.

எனக்கு பத்து வயது. பெருமை தாங்கவில்லை. "குதிர இல்ல தாத்தா, கோவேறு கழுத. நாந்தான் டின் தட்டிப் பழக்குனேன்" என்றேன்.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. என் பங்கைச் சொல்ல நினைத்தேன். அந்தப் பெரியவர் பக்கத்து ஆளிடம் சொல்ல, அவர் முன்னால் போய்ச் சொல்ல, ஊர்வலம் நின்றது. மாப்பிள்ளையைக் கழுதை மேல் ஏற்றிவிட்டான் என்று ஒருவர் கத்தினார். மாப்பிள்ளை குதித்து இறங்கினார். கார் வந்தது. மேளம் நின்றதும், பழக்கியபடியே, அதுவும் நின்றுவிட்டது. நடுத்தெருவில் ராவுத்தர் இரண்டு காதுக் குல்லாயையும் கழற்றி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அதைத் திருப்பிக் கூட்டிப்போனார். அச்சாரத்தை மறுநாள் திருப்பிக் கொடுத்தாராம். அதன்பிறகு கல்யாணம் எதுவும் வரவில்லை. செங்கல் சூளைக்குக் கல்லடித்துப் பிழைத்தார்கள், இரண்டு பேரும்.

என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா அடித்தார். "தம்பிய ஏன் அடிக்கிறீக? உள்ளதத்தானே சொல்லுச்சு" என்று வந்து தடுத்தவரும் அவர்தான்.

*

பிடிவாதக் கழுதையை மேடை ஏற்ற முடியாது என்று சொன்னது நம் ஊர் மட்டுமல்ல. டிரெஸ்ஸாஜ் போட்டிகளில் நெடுங்காலம் குதிரைக்கும் மட்டக்குதிரைக்கும்தான் இடம். அமெரிக்கச் சங்கம் 2004இல் கோவேறு கழுதைகளை அனுமதித்தது. பிரிட்டனில் 2018இல்தான் விதி மாறியது. அயர்லாந்தில் கைவிடப்பட்டு மீட்கப்பட்ட வாலஸ் என்ற கோவேறு கழுதைக்காக மாற்றினார்கள். காதை மறைக்காமல் அது களத்தில் இறங்கி, முதல் போட்டியிலேயே ஜெயித்தது. 2023 செப்டம்பர் 26 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா அணி டிரெஸ்ஸாஜில் தங்கம் வாங்கியபோது, குதிரையேற்றத்தில் 41 வருடத்துக்குப் பிறகு கிடைத்த தங்கம் என்று செய்தி வந்தது. எனக்குச் செஞ்சை வேப்பமரம்தான் ஞாபகம் வந்தது.

சிலப்பதிகாரத்தைக் கல்லூரியில் பாடமாகப் படித்தேன். கடலாடு காதையில் அந்த அத்திரிக்கு வாத்தியார் பொருள் சொன்ன அன்று சாயங்காலம் சைக்கிளை நேரே ராவுத்தர் வீட்டுக்கு விட்டேன். வயதாகிவிட்டிருந்தது, கண் சரியாகத் தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெளியே கொட்டிலில் அது நின்றது, முகத்தில் நரை. கோவேறு கழுதை முப்பது வருடத்துக்கு மேலும் இருக்கும்.

கதையைச் சொன்னேன். கடற்கரைக்கு விடியக்காலையில் போனது, மாதவி வண்டியில் வந்தது, கோவலன் கோவேறு கழுதையில் ஏறியது.

"பெரிய எடத்துப் புள்ளையா?"

"ஆமா தாத்தா. செட்டியார் வீட்டுப் புள்ள. புகார்லயே பெரிய எடம்."

"ஊர்ல யாரும் சிரிக்கலயா?"

"அப்புடி ஒண்ணும் எழுதல."

கொஞ்சநேரம் யோசித்தார்.

"காதுக்குக் குல்லா போட்டானா?"

"இல்ல."

அவர் சிரித்தார். இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். அப்புறம் கொட்டில் பக்கம் திரும்பி, "கேட்டியாடா?" என்றார்.

கோவலன் கதை எப்படி முடிந்தது என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அத்திரியில் கடற்கரைக்குப் போனவன், மதுரைக்குக் கால்நடையாகத்தான் போனான்.